மச்சான் வாங்கிய ஏசி: வீட்டின் ஒரு வருட மின்செலவைக் கணக்கிடும் வழி

2025 மார்ச் தொடக்கத்தில் திருச்சியிலிருந்து மச்சான் போன் செய்தார். குரலில் வெற்றிக் களிப்பு.

"மாப்பிள்ளை, கணக்குப் போட்டுவிட்டேன். ஏசி வாங்கினால் வருடத்துக்கு 1,500 ரூபாய்தான் கூடுகிறது. இதற்கா இத்தனை வருடம் வேர்த்துக்கொண்டு கிடந்தோம்?"

அவர் போட்ட கணக்கு இதுதான். கடந்த ஆறு பில்களையும் கூட்டினார்: 2,092 யூனிட், கட்டிய தொகை 5,517 ரூபாய். ஒன்றை மற்றொன்றால் வகுத்தால் யூனிட்டுக்கு 2 ரூபாய் 64 காசு. ஏசி வருடத்துக்கு ஏறக்குறைய 570 யூனிட் இழுக்கும் என்று கடைக்காரர் சொல்லியிருந்தார். 570ஐ 2.64ஆல் பெருக்கினால் 1,505. மச்சான் கணக்கு வாத்தியார் இல்லை என்றாலும் பெருக்கலில் பிழையில்லை. கடைக்காரர் சொன்ன யூனிட்டிலும் பெரிய பிழையில்லை என்று பிறகு தெரிந்தது. ஆனால் விடை மட்டும் பாதிக்கும் கீழே போய்விட்டது. அது எப்படி என்பதைச் சொல்வதற்குள் வீட்டு மின்கணக்கு முழுவதையும் சொல்லிவிடலாம்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஒரு நோட்டுப் புத்தகத்தோடு அவர் வீட்டுக்குப் போனேன். இரண்டு படுக்கையறை, நான்கு பேர், சொந்த வீடு, சொந்த மீட்டர். வாடகை வீட்டில் இருந்துகொண்டு உரிமையாளரிடம் யூனிட்டுக்கு இவ்வளவு என்று ஒரே விலை கொடுப்பவர்களுக்குப் பின்பாதிக் கதை தேவையில்லை. அவர்களுக்கு வெறும் பெருக்கல்தான். பல இடங்களில் கொஞ்சம் வயிற்றெரிச்சலும் சேரும்.

குடமும் குழாயும்

வாட் என்பது குழாயில் தண்ணீர் வரும் வேகம். யூனிட் என்பது குடத்தில் சேர்ந்த தண்ணீர். ரீடிங் எடுக்க வருபவர் குடத்தைத்தான் பார்க்கிறார். 1,000 வாட் கருவி ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட். 100 வாட் கருவிக்கு அதே ஒரு யூனிட் சேரப் பத்து மணி நேரம் ஆகும். ஆகவே வாட்டை மணியால் பெருக்கி 1,000ஆல் வகுத்தால் யூனிட். வேறு சூத்திரம் எதுவும் இல்லை.

இந்தக் கணக்கில் எல்லோரும் வழுக்கும் இடம் ஒன்று உண்டு. அதிக வாட் உள்ள கருவியைப் பார்த்துப் பயப்படுவார்கள். அதிக நேரம் ஓடும் கருவியைக் கண்டுகொள்ள மாட்டார்கள். மச்சான் வீட்டில் அத்தைக்கு கிரைண்டர் மேல் சந்தேகம். கல் சுற்றும்போது வரும் சத்தமே கரண்டைத் தின்னும் சத்தம் என்று நினைக்கிறார். அது 150 வாட். மாவு அரைக்க 40 நிமிடம். ஒருமுறை அரைத்தால் ஒரு யூனிட்டில் பத்தில் ஒரு பங்கு. வாரம் இரண்டு முறை அரைத்தாலும் வருடத்துக்குப் பத்து யூனிட்தான். அதே கூடத்தில் டிவிக்குக் கீழே சத்தமில்லாமல் உட்கார்ந்திருக்கும் செட் டாப் பாக்ஸ் 10 வாட். ஆனால் அதன் சுவிட்சை யாரும் அணைப்பதில்லை. ஒரு நாளைக்கு 0.24 யூனிட், வருடத்துக்கு 88. இட்லிக்கு மாவு அரைத்துக் கொடுக்கும் கல்லைவிட எட்டு மடங்குக்கும் மேல்.

ஓய்வில்லாமல் ஓடுபவற்றுக்கு ஒரு எண்ணை மட்டும் மனப்பாடம் செய்துகொள்ளலாம்: 8.76. ஒரு வாட் கருவி ஆண்டு முழுவதும் இரவு பகலாக ஓடினால் அத்தனை யூனிட்.

அறை அறையாக

நோட்டை எடுத்துக்கொண்டு வாசலில் தொடங்கினோம். மழை, வெயில் இரண்டும் இல்லாத ஒரு சாதாரண நாள் என்று வைத்துக்கொண்டோம்.

மின்விசிறி மூன்று, ஒவ்வொன்றும் 75 வாட், பழைய வகை. கூடத்தில் பத்து மணி நேரம், படுக்கையறைகளில் ஒன்பது ஒன்பது. மொத்தம் 28 மணி நேரம், 2.1 யூனிட். இதை எழுதியதும் மச்சான் பேனாவை நிறுத்தினார். "ஃபேனா இவ்வளவு?" ஆமாம். அன்றைய பட்டியல் முழுவதிலும் இதுதான் பெரிய எண். தமிழ்நாட்டில் ஏசி இல்லாத வீட்டின் பில் என்பது பெரும்பாலும் மின்விசிறியின் பில்தான்.

ஃபிரிட்ஜைப் பெருக்கல் கணக்கில் அடக்க முடியாது. அது தானாக ஓடும், தானாக நிற்கும். எத்தனை மணி நேரம் ஓடியது என்று யார் பார்த்தார்கள்? அதற்காகத்தான் கதவில் நட்சத்திர ஒட்டி இருக்கிறது. எல்லோரும் நட்சத்திரத்தை எண்ணுகிறார்கள். அதே ஒட்டியில் வருடத்துக்கு இத்தனை யூனிட் என்று எழுதியிருப்பதை யாரும் படிப்பதில்லை. மச்சானின் ஃபிரிட்ஜில் 220 என்று இருந்தது. நாளுக்கு 0.6 ஆகிறது. நம் வீட்டில் கதவு திறந்து மூடும் வேகத்தையும், சூடு ஆறாத குழம்புச் சட்டி உள்ளே போவதையும் எண்ணி 0.8 என்று போட்டுக்கொண்டேன். இப்படிக் கொஞ்சம் கையைத் தளர்த்திக் கணக்குப் போடுவது தவறில்லை.

இனி வேகமாகப் போகலாம். குழல் விளக்குகள் நான்கு, எல்இடி, 20 வாட், சராசரி ஐந்து மணி நேரம்: 0.4. டிவி 100 வாட், ஐந்து மணி நேரம்: 0.5. செட் டாப் பாக்ஸ் 0.24, வைஃபை பெட்டியும் அதே 0.24. லேப்டாப் 0.3, கைப்பேசிகள் எல்லாம் சேர்ந்து 0.05. மாடித் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் அரை குதிரைசக்தி மோட்டார் ஏறத்தாழ 500 வாட் இழுக்கும். 40 நிமிடத்துக்கு 0.33. மிக்ஸி 750 வாட் என்றாலும் பத்து நிமிடம்தான்: 0.13. துணி துவைக்கும் இயந்திரம் நாளுக்கு 0.1. கிரைண்டர் 0.03, அத்தை நம்பவில்லை.

இஸ்திரிப் பெட்டி 1,000 வாட், ஒரு நாள் விட்டு ஒரு நாள் அரை மணி நேரம். அப்படியே பெருக்கினால் நாளுக்கு 0.25 வரும். ஆனால் பெட்டி சூடானதும் அதன் சின்ன விளக்கு அணைந்துவிடுகிறதே, அந்த நேரம் அது மின்சாரம் எடுப்பதில்லை. பாதியாக்கி 0.12 என்று எழுதினோம். கீசருக்கும் இதே விதி. 2,000 வாட் என்று பார்த்ததும் நெஞ்சு அடைக்கிறது. 15 லிட்டர் தண்ணீரை 28 டிகிரியிலிருந்து 55 டிகிரிக்குக் கொண்டுபோக உண்மையில் வேண்டியது 0.47 யூனிட், கால் மணி நேரத்துக்குள் கீசர் தானே நின்றுவிடும். மழைக்காலத்தில் இரண்டு தொட்டி வெந்நீர் என்றால் நாளுக்கு ஒரு யூனிட். ரீடிங் எடுப்பவர் கொண்டுவரும் அதிர்ச்சிக்குக் காரணம் கீசர் என்று பழி சொல்வதற்கு முன், அதன் சுவிட்ச் நாள் முழுவதும் போட்டபடி கிடக்கிறதா என்று பாருங்கள். அப்படிக் கிடந்தால் தண்ணீர் ஆற ஆற அது திரும்பத் திரும்பக் காய்ச்சிக்கொண்டே இருக்கும்.

கூட்டினால் நாளுக்கு 5.34 யூனிட். 60 நாளைக்கு 320.

வீட்டுக்குள்ளேயே ஒரு நீதிபதி

நாம் எழுதியது சரியா என்று கேட்க இரண்டு சாட்சிகள் இருக்கிறார்கள். ஒருவர் மீட்டர், மற்றவர் ரீடிங்கைக் குறித்துவைக்கும் வெள்ளை அட்டை.

மின்னணு மீட்டரில் ஒரு சிவப்பு விளக்கு சிமிட்டிக்கொண்டே இருக்கும். முகப்பில் 3200 அல்லது 1600 என்பதுபோல ஓர் எண் அச்சிட்டிருப்பார்கள். அத்தனை முறை சிமிட்டினால் ஒரு யூனிட் என்று பொருள். மச்சான் வீட்டு மீட்டர் 3200. ஃபிரிட்ஜ் உட்பட எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, மூன்று மின்விசிறிகளை மட்டும் முழு வேகத்தில் ஓடவிட்டோம். நான் மீட்டர் முன்னால் கைப்பேசியில் நேரம் பார்த்தபடி நின்றேன். ஐந்து நொடிக்கு ஒரு சிமிட்டல். மணிக்கு 720 சிமிட்டல். 3,200ஆல் வகுத்தால் 0.225 யூனிட். அதாவது 225 வாட். மூன்று 75. பாடப்புத்தகம் போல வந்து நின்றதும் மச்சானுக்கே மீட்டர் மேல் மரியாதை வந்துவிட்டது.

இந்தச் சிமிட்டல் சோதனையை நான் கற்றது என் வீட்டில் நேர்ந்த ஒரு நஷ்டத்தால். மின்வெட்டு மிகுந்திருந்த காலத்தில் ஊரே இன்வெர்ட்டர் வாங்கியது, நாங்களும் வாங்கினோம். வெட்டு குறைந்த பிறகும் அது மூலையில் கிடந்தது. பட்டியல் போட்டால் வரும் யூனிட்டைவிடப் பில்லில் தொண்ணூறு யூனிட் போல அதிகமாக வந்துகொண்டே இருந்தது. ஒரு நாள் இரவு எல்லாவற்றையும் அணைத்துவிட்டு மீட்டரைப் பார்த்தேன். இருட்டில் சிவப்பு விளக்கு 18 நொடிக்கு ஒருமுறை நிதானமாகச் சிமிட்டிக்கொண்டிருந்தது. 3200 மீட்டரில் அது 62 வாட் சொச்சம். ஆயுள் முடிந்த பேட்டரி, சார்ஜ் நிறையவே நிறையாமல் குடித்துக்கொண்டே இருந்திருக்கிறது. நாளுக்கு ஒன்றரை யூனிட், ஒரு பில்லுக்கு 90. இன்வெர்ட்டரின் பிளக்கைப் பிடுங்கியதும் விளக்கு நின்றது. அன்று நிம்மதியாகத் தூங்கினேன் என்று சொல்ல மாட்டேன். எத்தனை வருடம் இப்படிக் கொடுத்திருப்பேன் என்று மனக்கணக்கு ஓடிக்கொண்டே இருந்தது.

இனி வெள்ளை அட்டை. அதில் எழுதியிருப்பதோ இணையத்தில் கிடைப்பதோ, கடைசி ஆறு பில் வேண்டும். தமிழ்நாட்டில் வீட்டுக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறைதான் ரீடிங். எனவே வருடத்துக்கு ஆறு. அட்டையிலிருந்து யூனிட்டை மட்டும் எடுங்கள், ரூபாயை எடுக்காதீர்கள். இடையில் கட்டணம் மாறியிருக்கும். மச்சானின் ஆறு பில்லில் 2024 ஜூலைக்கு முந்தைய இரண்டு பழைய கட்டணத்தில் வந்தவை. போன வருடம் கட்டிய தொகையை வைத்து வரும் வருடத்தைக் கணிப்பது, பழைய பஸ் டிக்கெட்டைக் காட்டி ஏறுவதைப் போல.

அவருடைய யூனிட்கள்: மார்ச்–ஏப்ரல் 354, மே–ஜூன் 372, ஜூலை–ஆகஸ்ட் 346, செப்டம்பர்–அக்டோபர் 340, நவம்பர்–டிசம்பர் 332, ஜனவரி–பிப்ரவரி 348. நாங்கள் நடந்து எழுதியது 320. எல்லாம் ஒத்துப்போகிறது. கோடையில் மின்விசிறி கூடுதலாக ஓடுகிறது. மார்கழி, தையில் மின்விசிறி குறைந்தாலும் அந்த இடத்தைக் கீசர் பிடித்துக்கொள்கிறது. உங்கள் பட்டியலுக்கும் அட்டைக்கும் பத்து சதவீதத்துக்குள் வேறுபாடு இருந்தால் போதும். அதற்கு மேல் போனால் எங்கோ ஒரு இன்வெர்ட்டர் ஒளிந்திருக்கிறது.

ஏசி எத்தனை யூனிட்?

மச்சான் பார்த்து வைத்திருந்தது ஒன்றரை டன், மூன்று நட்சத்திரம். அதன் ஒட்டியில் 980 யூனிட் என்று இருந்தது. ஏசி ஒட்டியில் இருக்கும் யூனிட், ஆண்டுக்கு 1,600 மணி நேரம் ஓட்டுவதாக வைத்துக்கொண்டு போட்ட கணக்கு. வகுத்தால் மணிக்கு 0.61 யூனிட் போல. வெளியே அனல் அடிக்கும் கத்திரி வெயில் காலத்தில் இது கூடும், ஆடி ஆவணியில் குறையும். ஏப்ரலுக்கு 0.65, மே ஜூனுக்கு 0.7, அதன் பிறகு 0.6 என்று வைத்துக்கொண்டோம்.

ஏப்ரலில் 30 இரவு, ஏழு மணி நேரம்: 136 யூனிட். மே ஜூனில் 55 இரவு, எட்டு மணி நேரம்: 308. ஜூலை ஆகஸ்டில் புழுக்கமான 20 இரவு: 84. செப்டம்பரில் சில நாள்: 40. மொத்தம் 568. கடைக்காரருக்கு முழு மதிப்பெண்.

இங்குதான் மச்சான் எழுந்து, "அப்போது நான் சொன்னது சரிதானே?" என்றார்.

பில்லில் எந்த இடத்தில் நிற்கிறது என்பதுதான் விலை

யூனிட்டுக்கு ஒரே விலை இருந்தால் அவர் சொன்னது சரி. ஆனால் தமிழ்நாட்டில் வீட்டு மின்சாரத்தின் விலை படிக்கட்டு போல. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த கட்டணத்தைப் பார்ப்போம். 2025 ஜூலையில் மற்ற பிரிவுகளுக்கு 3.16 சதவீதம் ஏறியபோதும் வீடுகளுக்கான உயர்வை அரசே ஏற்றுக்கொண்டதால் இந்தப் படிக்கட்டு மாறவில்லை. நீங்கள் படிக்கும்போது மாறியிருந்தால் எண்களை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள். கணக்கிடும் முறை அதேதான்.

அதன்படி இரண்டு மாதத்தில் முதல் 100 யூனிட் இலவசம். 2016இல் தொடங்கிய சலுகை. 101 முதல் 200 வரை யூனிட்டுக்கு 2 ரூபாய் 35 காசு. 201 முதல் 400 வரை 4 ரூபாய் 70 காசு. 401 முதல் 500 வரை 6 ரூபாய் 30 காசு. வீட்டு இணைப்புக்கு நிலைக்கட்டணம் 2022 செப்டம்பரிலேயே எடுக்கப்பட்டுவிட்டதால் வேறு எதையும் கூட்ட வேண்டாம். 500 யூனிட் எரித்தால் 235, 940, 630 என்று கூட்டி 1,805 ரூபாய்.

500ஐத் தாண்டினால் வேறு படிக்கட்டில் ஏற்றிவிடுகிறார்கள். அதில் 101இலிருந்து 400 வரை முழுவதும் 4 ரூபாய் 70 காசு, அந்த 2.35 சலுகை போய்விடுகிறது. 401–500க்கு 6.30, 501–600க்கு 8.40, 601–800க்கு 9.45, 801–1,000க்கு 10.50, அதற்கு மேல் 11.55. ஆகவே 501 யூனிட் எரித்தவருக்கு 2,048 ரூபாய் 40 காசு. 500க்கும் 501க்கும் இடையே இருக்கும் அந்த ஒற்றை யூனிட்டின் விலை 243 ரூபாய். இரண்டு மாதம் கட்டுப்பாடாக இருந்துவிட்டு, ரீடிங்குக்கு முந்தைய இரவு மட்டும் தாராளமாக ஏசி போட்டவர்கள் இதை அனுபவித்திருப்பார்கள்.

மச்சானின் வீடு இதுவரை ஒருபோதும் 400ஐத் தொட்டதில்லை. அவருடைய 2.64 என்ற சராசரி, இலவச நூறும் அரை விலை நூறும் சேர்ந்து உருவாக்கியது. அந்த இரண்டு நூறையும் மின்விசிறியும் ஃபிரிட்ஜும் ஏற்கெனவே சாப்பிட்டுவிட்டன. பந்திக்குக் கடைசியாக வரும் ஏசிக்கு மிஞ்சியிருப்பது மேல்படிகள் மட்டும்தான். புதிதாக வரும் கருவியின் செலவைச் சராசரி விலையால் பெருக்கக் கூடாது என்பதற்கு இதுவே காரணம். அது இல்லாமல் ஒருமுறை, அதோடு ஒருமுறை என்று பில்லை இரண்டு தடவை போட்டு வித்தியாசத்தைப் பார்க்க வேண்டும்.

பார்த்தோம். ஏசி சேர்ந்த பிறகு ஆறு பில்லும் இப்படி ஆகின்றன: மார்ச்–ஏப்ரல் 490 யூனிட், 1,742 ரூபாய். மே–ஜூன் 680 யூனிட், 3,636 ரூபாய். ஜூலை–ஆகஸ்ட் 430க்கு 1,364. செப்டம்பர்–அக்டோபர் 380க்கு 1,081. நவம்பர்–டிசம்பர் 332க்கு 855. ஜனவரி–பிப்ரவரி 348க்கு 931. வருடத்துக்கு 2,660 யூனிட், 9,609 ரூபாய். ஏசி இல்லாமல் இதே கட்டணத்தில் 2,092 யூனிட்டுக்கு 5,602. ஆகவே ஏசியின் பங்கு 4,007 ரூபாய். யூனிட்டுக்கு ஏழு ரூபாய்க்கு மேல்.

1,500 என்று போனில் சொன்னவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. அத்தை காபி கொண்டுவந்து வைத்தார்.

இதே காரணத்தால் வருடச் செலவுக்குக் குறுக்குவழிகள் எல்லாம் ஏமாற்றும். நவம்பர்–டிசம்பர் பில்லை ஆறால் பெருக்கினால் 5,130 வரும். மே–ஜூன் பில்லைப் பெருக்கினால் 21,816. யூனிட்டைச் சராசரியாக்கி, பில்லுக்கு 443 என்று வைத்துப் போட்டாலும் 8,700க்குள் நின்றுவிடும். 900 ரூபாய் குறைவு. யூனிட்டை வேண்டுமானால் வருடத்துக்கு ஒரே மொத்தமாகக் கூட்டிக்கொள்ளலாம். ரூபாயை ஆறு தடவை தனித்தனியாகப் போட்டுத்தான் கூட்ட வேண்டும். கையால் போட அலுப்பாக இருந்தால் மின்வாரியத்தின் இணையதளத்திலேயே யூனிட்டைக் கொடுத்தால் தொகை சொல்லும் வசதி இருக்கிறது. ஆறு முறை தட்டினால் முடிந்தது.

இன்னொன்று. உங்கள் பகுதியில் ரீடிங் ஒற்றைப்படை மாதத்திலா, இரட்டைப்படை மாதத்திலா என்று பாருங்கள். மச்சானுக்கு ஏப்ரல் வெயில் ஒரு பில்லிலும் மே வெயில் அடுத்த பில்லிலும் பிரிந்து விழுகிறது. ஏப்ரலும் மேயும் ஒரே பில்லில் விழும் வீட்டுக்கு, அதே ஏசி, அதே இரவுகள், ஆனால் ஆறு பில்லின் உயரம் வேறு மாதிரி அமையும். பக்கத்து ஊர் நண்பரின் தொகையோடு ஒப்பிட்டுச் சண்டை போடுவதில் பயனில்லை.

கணக்கு கையில் இருந்தால்

4,007 என்று தெரிந்ததும் மச்சான் ஏசியைக் கைவிடவில்லை. தெரியாமல் வாங்குவதற்கும் தெரிந்து வாங்குவதற்கும் நடுவில் அவர் கேட்ட கேள்விகள்தான் மாறின. "மே ஜூனில் மட்டும் எங்கே குறைக்கலாம்?" என்றார். கேட்க வேண்டிய கேள்வி. 680இலிருந்து 500க்கு இறங்க முடிந்தால் அந்த ஒரு பில்லில் 1,831 ரூபாய் மிச்சம். குறைக்கும் ஒவ்வொரு யூனிட்டுக்கும் பத்து ரூபாய்க்கு மேல். அதே அளவு கட்டுப்பாட்டை நவம்பரில் காட்டினால் அதில் பாதிகூடக் கிடைக்காது. ஆகவே மிச்சம் பிடிக்கும் ஆசை இருந்தால் அதையும் கோடைக்கென்று சேர்த்து வைத்துக்கொள்வது நல்லது.

ஏசியின் வெப்பநிலையை ஒரு டிகிரி உயர்த்தினால் ஏறக்குறைய ஆறு சதவீதம் மின்சாரம் குறையும் என்று மத்திய அரசின் எரிசக்தித் திறன் செயலகம் சொல்கிறது. 2020 ஜனவரி முதல் நட்சத்திரக் குறியோடு விற்கும் ஏசிகள் 24 டிகிரியில் தொடங்கும்படி அமைக்கப்பட்டிருப்பதும் இதனால்தான். ரிமோட்டை எடுத்ததும் 18க்குத் தட்டுவது நம் வழக்கம். அறை அதனால் சீக்கிரம் குளிர்ந்துவிடும் என்பது நம் நம்பிக்கை. 26இல் வைத்து மின்விசிறியை மெதுவாக ஓடவிட்டால் 680 என்பது 500 ஆகிவிடாது. ஆனால் 600க்குப் பக்கத்தில் வரும்.

உண்மையான பணம் கூரையில் சுற்றிக்கொண்டிருந்தது. மூன்று பழைய மின்விசிறிகளுக்குப் பதில் 30 வாட்டில் சுழலும் பிஎல்டிசி (பிரஷ் இல்லாத மோட்டார்) வகை போட்டால் நாளுக்கு 1.26 யூனிட், பில்லுக்கு 75 யூனிட் குறையும். இதையும் அதே முறையில், ஆறு பில்லையும் திரும்பப் போட்டுப் பார்த்தோம். வருடத்துக்கு 2,600 ரூபாய்க்கு மேல் மிச்சம். மே–ஜூனில் மட்டும் 700. ஒரு விசிறி மூவாயிரம் என்று வைத்தாலும் மூன்றரை வருடத்தில் போட்ட பணம் திரும்பிவிடும். ஏசி கடையில் யாரும் இதைச் சொல்ல மாட்டார்கள். மச்சான் உடனே ஒன்று வாங்கிப் படுக்கையறையில் மாட்டினார்; மற்ற இரண்டும் தீபாவளிக்கு என்று சொல்லியிருக்கிறார். எந்தத் தீபாவளி என்று கேட்கவில்லை.

ஏசியும் ஏப்ரல் முதல் வாரத்தில் வந்தது. வெள்ளை அட்டையை ஃபிரிட்ஜின் பக்கவாட்டில் ஒட்டி, ஞாயிறுதோறும் மீட்டரைப் பார்த்து அதன் கீழே பென்சிலால் எண் எழுதத் தொடங்கினார். ஜூன் கடைசியில் ரீடிங் எடுத்தவர் போன அடுத்த நிமிடம் எனக்குப் போன்.

"மாப்பிள்ளை, நீங்கள் 680 என்றீர்கள். புது ஃபேனுக்கு இன்னும் குறைய வேண்டும். வந்திருப்பது 702. 3,844 ரூபாய்."

எங்கே தவறியது என்று இருவரும் நோட்டைப் புரட்டினோம். மின்விசிறி சரி, இரவு நேரங்கள் சரி, கீசர் அணைந்தே இருந்தது. கடைசியில் பென்சில் எழுத்துகளில் மே மூன்றாவது வாரம் மட்டும் துருத்திக்கொண்டு நின்றது. பிள்ளைகளுக்குப் பள்ளி விடுமுறை என்று குடும்பத்தோடு திருச்சிக்குப் போய், அந்த வாரம் முழுவதும் பகலும் இரவுமாக அதே அறையில் கதவைச் சாத்திக்கொண்டு படுத்துக் கிடந்தவர்கள் நாங்கள்தான்.